லமார் சாப்பிட்ட இரண்டாவது தட்டு

ஓலி, பென்சில்வேனியா
1984 நவம்பர் 12

எர்மா,

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் உன் தங்கைதான் எடுத்தாள். மூன்று முறையும் "அவ குளிச்சிட்டு இருக்கா"தான் பதில். காலை பத்து மணிக்கும் குளியல், மதியம் இரண்டு மணிக்கும் குளியல் என்றால் தோல் உரிந்துவிடாதா? அதனால்தான் கடிதம். கடிதத்துக்குப் பயந்து யாரும் குளியலறைக்குள் ஒளிய முடியாது.

உன் லமார் மண்ணுக்குள் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. நீ போய் ஐந்து வாரம். என் தம்பி சொல்லிக்கொள்ளாமல் போனான், அவனைக் குறை சொல்ல முடியாது. நீ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். காலையில் பை நிறைய ஆப்பிளோடு வந்து கதவைத் தட்டுகிறேன், பக்கத்துப் பண்ணை மோயர் வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு, "அவங்க ஓஹையோ பஸ் ஏறிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மாடுகள் இருபத்தெட்டும் மோயரிடம் நன்றாக இருக்கின்றன. செவ்வாயும் சனியும் நான் உன் வீட்டைப் போய்ப் பார்க்கிறேன். தண்ணீர்க் குழாய்கள் உறையாமல் இருக்கச் சூட்டைக் கொஞ்சமாய் வைத்திருக்கிறேன். அக்டோபரில் முட்டைக்கோஸை உப்பிட்டுப் புளிக்கவைத்துக் கிரவுட் போட்டேன், மூன்று ஜாடி. கோஸ் இந்த வருடம் நல்ல கெட்டி, புளிப்பும் சரியாக ஏறியிருக்கிறது.

இன்னொரு விஷயம். அடக்கம் முடிந்து சர்ச் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது நீ ஏதோ சொல்லி அழுதாய். நானும் ஏதோ சொன்னேன். நான் சொன்னது என்ன என்று உனக்கு இந்நேரம் மறந்திருக்கும். மறக்கவில்லை என்றால் தயவுசெய்து மறந்துவிடு.

புது வருடத்துக்கு வந்துவிடு. வழக்கம்போல என் வீட்டில்தான் சாப்பாடு.

ஆர்வில்லா

*

வூஸ்டர், ஓஹையோ
1984 நவம்பர் 24

ஆர்வில்லா அக்காவுக்கு,

மாடுகளைப் பற்றி எழுதியதற்கு நன்றி. வீட்டைப் பார்த்துக்கொள்வதற்கும் நன்றி. போன் வந்தபோது நான் குளிக்கவில்லை.

நீங்கள் சொன்னது மறக்கவில்லை. "ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாமேடி எர்மா" என்றீர்கள். கையில் ரொட்டித் தட்டோடு நின்றுகொண்டிருந்தீர்கள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மேஜையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் சொன்னது சரி. பன்றி மூக்கால் முன்னே தோண்டிக்கொண்டு போகும், கோழி காலால் பின்னே கிளறும், அதனால் வருடம் நல்லபடியாக முன்னே போக ஜனவரி ஒன்றாம் தேதி பன்றிக்கறியும் கிரவுட்டும் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று பேச்சு வரும் முன்பே கற்றுக்கொண்டவர்கள் நாம். ஐம்பத்திரண்டு வயதில் இந்த வருடம்தான் ஒரு ஒன்றாம் தேதி தவறினேன். முந்தின நாள் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. உப்பும் புளிப்பும் பட்டால் உயிர் போகும் என்று ஆப்பிள் கூழை மட்டும் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தட்டை லமார் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே சாப்பிடறேன், விடு" என்றார். செப்டம்பரில் தீவனக் கோபுரத்தின் ஏணியிலிருந்து விழுந்தார்.

படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். என் தங்கை லூசிலும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

நான் இங்கே கரண்டில் மெல்ல வேகவைக்கிற ஸ்லோ குக்கர் ஒன்று வாங்கியிருக்கிறேன். வியாழக்கிழமைதோறும் பன்றிக்கறியும் கிரவுட்டும் வைத்து ஒரு தட்டு நிறையச் சாப்பிடுகிறேன். பசி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வீடு முழுவதும் புளித்த வாடை அடிக்கிறது என்று லூசிலின் கணவர் கார் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். விட்டுப்போனதைச் சாப்பிட்டுத் தீர்க்க முடியாது என்று தெரியும். ஆனாலும் செய்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். அன்று நீங்கள் வைத்த கறி நூல் நூலாய்ப் பிரிந்து வந்தது. அவர் அப்படி ரசித்துச் சாப்பிட்டார். எனக்கு அந்தப் பதம் வரவில்லை. எத்தனை மணி நேரம் வைத்தீர்கள்? கிரவுட்டை அலசினீர்களா? எழுதுங்கள்.

புது வருடத்துக்கு வரமாட்டேன். அந்த மேஜையில் உட்கார எனக்கு முகம் இல்லை.

எர்மா

*

ஓலி
1984 டிசம்பர் 3

எர்மா,

வாரம் ஒரு தடவையா? இது என்ன கூத்து? வயிறு புண்ணாகிப்போகும்.

சரி, கேட்டதற்குப் பதில். பத்து மணி நேரம், குறைந்த சூட்டில். கொழுப்போடு இருக்கிற தோள்கறி. கிரவுட்டை அலசவே கூடாது, அலசுகிறவள் நம் ஊர்க்காரியே இல்லை. பாதி கிரவுட் அடியில், மேலே கறி, மீதிக் கிரவுட் அதற்கு மேல். ஒரு ஆப்பிளை நறுக்கிப் போடு. பழுப்புச் சர்க்கரை மூன்று கரண்டி, கருஞ்சோம்பு கொஞ்சம். மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே, ஒரு தடவை திறந்தால் அரை மணி நேரச் சூடு போச்சு. தண்ணீர் ஊற்றாதே, அதுவே விட்டுக்கொள்ளும்.

அவ்வளவுதான். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

இதற்குக் கீழே நான்கு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயற்சி செய்யாதே, நன்றாக அழுத்தித்தான் அடித்திருக்கிறேன்.

பனி விழ ஆரம்பித்துவிட்டது. உன் வீட்டு வாசற்படியில் உப்புத் தூவிவிட்டு வந்தேன்.

ஆர்வில்லா

*

வூஸ்டர்
1984 டிசம்பர் 8

ஆர்வில்லா அக்காவுக்கு,

நீங்கள் எழுதியபடியே வியாழக்கிழமை செய்தேன். மூடியைத் தொடக்கூட இல்லை. வரவில்லை. பன்றிக்கறியாகத்தான் இருந்தது, நன்றாகவும் இருந்தது, ஆனால் அன்றைய கறி இல்லை. அன்றையது இதைவிடக் கறுப்பு, நார் மெலிசு. லமார் முதல் வாய் சாப்பிட்டுவிட்டு உங்களைப் பார்த்து, "என்னக்கா, இந்த வருஷத்துப் பன்னி ரொம்ப சாதுவா இருக்கே" என்றாரே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் சிரித்தோம். நீங்கள் மட்டும் அடுப்பைப் பார்க்க எழுந்து போனீர்கள்.

ஊர்க் கறிக்கடைக்குப் போன் செய்து கேட்டேன். போன வருடக் கடைசியில் நீங்கள் வாங்கியது ஐந்து பவுண்டு தோள்கறி, எல்லோரும் வாங்குவதுதான், விசேஷமாக ஒன்றும் இல்லை என்றார் கடைக்காரர். அப்படியென்றால் உங்கள் கையில்தான் ஏதோ இருக்கிறது. நீங்கள் ஏதோ ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

அக்கா, வருகிற ஒன்றாம் தேதி அவர் சாப்பிட்டதையே நான் சாப்பிடவேண்டும். அதே கறி, அதே ருசி, ஒரு தட்டு. ஒரு வருடம் தாமதம்தான். ஆனாலும் அதைச் சாப்பிட்டுவிட்டால் அவர் பக்கத்தில் கொஞ்சமாவது தலைநிமிர்ந்து நிற்கலாம் என்று தோன்றுகிறது. நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

எர்மா

*

ஓலி
1984 டிசம்பர் 13

எர்மா,

உட்கார்ந்து படி. தங்கை பக்கத்தில் இருந்தால் அவளை அப்புறம் போகச் சொல்.

அன்று நீங்கள் சாப்பிட்டது பன்றிக்கறி இல்லை. வான்கோழி.

எழுதிவிட்டேன். இனி இதை அடிக்கமாட்டேன்.

நடந்தது இதுதான். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் அந்த ஐந்து பவுண்டு தோள்கறியைக் கிரவுட்டோடு ஸ்லோ குக்கரில் வைத்தேன். எப்போதும் அதை ஜன்னலோரத்து பிளக்கில்தான் மாட்டுவேன். அன்று அங்கே பழம் வைத்துச் சுட்ட பை பலகாரங்களை ஆறவைத்திருந்ததால் மூலையில் இருக்கிற பிளக்கில் மாட்டினேன். அந்த மூலை பிளக் என் வீட்டுக்காரர் எல்வுட் உயிரோடு இருந்தபோது தானே ஒயர் இழுத்து வைத்தது. சமையலறை விளக்கை அணைத்தால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். பதினேழு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம். படுக்கப்போகும்போது விளக்கை அணைத்துவிட்டேன். விளக்கை எரியவிட்டுப் படுக்க நம் ஆட்களில் எவளுக்கு மனசு வரும்?

காலையில் மூடியைத் திறந்தால் கறி பச்சையாய், வெதுவெதுப்பாய்க் கிடக்கிறது. நிலக்கரி அடுப்பின் சூட்டில் இரவு முழுக்க இருந்திருக்கிறது. மோந்து பார்த்தேன். நாய்க்குக்கூடப் போட முடியாது. ஆராதனை முடிந்து ஒரு மணிக்கு ஒன்பது பேர் சாப்பிட வருகிறீர்கள். கடை ஒன்றும் திறந்திருக்காது. கிறிஸ்துமஸுக்கு வாங்கிய வான்கோழியின் கால்கறி குளிர்பெட்டியில் இருந்தது. நினைத்தேன், செய்தேன். வேகவைத்துப் பிய்த்துப் போட்டு, பன்றிக் கொழுப்பை உருக்கி ஊற்றி, ஜாடியிலிருந்து புதுக் கிரவுட் எடுத்துக் கலந்து, குக்கரோடு கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். கெட்டுப்போன கறியைக் கொட்டகைக்குப் பின்னால் பனியைத் தோண்டிப் புதைத்தேன். ஏதோ கொலை செய்தவள் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே புதைத்தேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிரித்திருப்பீர்கள். ஆர்வில்லாவின் கிரவுட் ஒரு வருடம் சொதப்பிவிட்டது என்று ஈஸ்டர் வரைக்கும் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். ரொட்டியும் முட்டையும் தின்றுவிட்டுப் போயிருப்பீர்கள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் ஒன்பது பேருக்கும் வருடத்தின் முதல் நாள் பின்னால் கிளறுகிறதைப் போட்டேன். என் தம்பிக்கு இரண்டு தட்டு போட்டேன்.

அதைக்கூட மன்னிக்கலாம். அடுத்ததை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடக்கத்தன்று நீ அழுதாய். "நான் ஒருத்திதான் அன்னிக்கு சாப்பிடல, என்னாலதான் போயிட்டாரு" என்றாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், சமைத்தவள் நான்தானே. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், எர்மா. சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். வந்தது வேறு. நீ ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம் என்று வந்துவிட்டது. அதைச் சொன்ன கணத்தில் எனக்கு மூச்சு லேசானது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அன்று அந்த மேஜையில் தவறானதைச் சாப்பிடாதவள் நீ ஒருத்திதான். இனிமேல் வியாழக்கிழமை சமைக்காதே. திட்ட வேண்டுமானால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஆர்வில்லா

*

வூஸ்டர்
1984 டிசம்பர் 17

கடிதம் வந்தது. இப்போது எழுத முடியாது.

எர்மா

*

வூஸ்டர்
1984 டிசம்பர் 21

ஆர்வில்லா அக்காவுக்கு,

முதல் நாள் உங்களைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. ஒன்பது வியாழக்கிழமை, அக்கா. பசியே இல்லாமல் கண்ணில் நீர் வர வர விழுங்கியிருக்கிறேன். அங்கே நீங்கள் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சமையல் குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். கருஞ்சோம்பு கொஞ்சம் என்று. உங்களுக்குக் கை கூசவில்லையா?

இரண்டாம் நாள் லூசிலிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், சந்தோஷம். பழி என்னிடமிருந்து எழுந்து உங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அன்று மூன்று மாதத்தில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலை கண் விழித்தேன். நெஞ்சில் இருந்த கனம் அப்படியே இருந்தது. ஒரு இம்மிகூடக் குறையவில்லை. அப்போதுதான் எனக்கே புரிந்தது, நான் வியாழக்கிழமைகளில் எதை மூடிவைக்கச் சமைத்துக்கொண்டிருந்தேன் என்று.

இதை யாரிடமும் சொன்னதில்லை. லூசிலுக்கும் தெரியாது.

ஜூன் மாதம் லமார் சொன்னார், கோபுரத்து ஏணியில் மேலிருந்து மூன்றாவது படி ஆடுகிறது, வெல்டிங் ஆளுக்குப் போன் பண்ணு என்று. போன் என்றால் அவருக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து நம் தாத்தாக்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்த வீட்டு மொழியே பேசி வளர்ந்தவர், தெரியாத ஆளிடம் இங்கிலீஷில் பேச நாக்கு தடுமாறும். முப்பது வருடமாக அந்த வீட்டின் எல்லா போனும் நான்தான் செய்தேன். காலண்டரில் எழுதிவைத்தேன். மறக்கவில்லை, அக்கா. மறந்திருந்தால் தேவலை.

என் பாத்திரத் தொட்டிக் குழாய் மார்ச்சிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாட்டுக்கு ஒன்று என்றால் ராத்திரியானாலும் ஓடுவார், எனக்கு என்றால் நாளைக்கு. ஜூலையில் ஒரு நாள் மறுபடியும் கேட்டார், போன் பண்ணிவிட்டாயா என்று. நான் சொன்னேன், "முதல்ல என் குழாயைப் பாருங்க, அப்புறம் உங்க ஏணியைப் பார்க்கலாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவரும் சிரித்தார். ஆனால் நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆகஸ்ட் முழுவதும் அந்தக் காலண்டரைப் பார்த்தேன். போனையும் பார்த்தேன். அவர் குழாயைத் தொடட்டும், பிறகு பேசலாம் என்று இருந்தேன். செப்டம்பர் பதினெட்டாம் தேதி கோபுரத்தின் மேலே தீவனம் ஏற்றுகிற குழாய் அடைத்துக்கொண்டது என்று ஏறினார். போலீஸ்காரர் துருப்பிடித்த படி என்று எழுதிக்கொண்டு போனார். அதற்குள் நான் காலண்டர் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

அதனால்தான் அன்று கீழ்த்தளத்தில் கிரவுட் சாப்பிடவில்லை என்று அழுதேன். அதைச் சொல்லி அழ முடிந்தது. மற்றதைச் சொல்லி அழ முடியவில்லை. நீங்கள் சொன்ன வார்த்தை எனக்கு வசதியாகத்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். இப்போது உங்கள் வான்கோழி வந்து அதையும் பிடுங்கிக்கொண்டது.

தெரிந்துகொள்ளவேண்டியவர் நீங்கள். உங்கள் தம்பி. ஒரு போன் பண்ணியிருந்தால் இருந்திருப்பார்.

ஒரே ஒரு வேண்டுகோள். உன் தப்பு இல்லை என்று எழுதாதீர்கள். பாதிரியார் சொல்வார், லூசில் சொல்வாள், அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நீங்கள் அப்படி எழுதினால் அந்தக் கடிதத்தோடு நமக்குள் எல்லாம் முடிந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

எர்மா

*

ஓலி
1984 டிசம்பர் 26

எர்மா,

கடிதம் திங்கட்கிழமை வந்தது. இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. கோபத்தோடு எழுதக் கூடாது என்று இருந்தேன். கோபம் வந்ததா என்றால் வந்தது. அவன் என் தம்பி. தூக்கி வளர்த்தவள் நான். நேற்று கிறிஸ்துமஸ் சாப்பாட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு பனியில் நடந்து உன் பண்ணைக்குப் போனேன். கோபுரத்தின் அடியில் நின்று அந்தப் படியை அண்ணாந்து பார்த்தேன். உன்னைக் கொஞ்ச நேரம் வாய்விட்டுத் திட்டினேன். பிறகு அவனைத் திட்டினேன். ஆடுகிறது என்று தெரிந்தே ஏறியவன் அவன்தானே. ஒரு குழாய்க்கு வாஷர் போட ஆறு மாதமா? பிறகு கால் மரத்துப்போய்த் திரும்பி வந்தேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது எழுந்து நின்று வான்கோழி விஷயத்தை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அடக்கத்தன்று உன்னிடம் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான் சொன்னேன். பாதிப் பேர் என் பக்கம் திரும்பவில்லை. அன்று நம்மோடு சாப்பிட்ட பெரியம்மா மகள் பெர்தா, "எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான், பன்னிக்கு ஏது இவ்வளவு சின்ன எலும்பு?" என்றாள். ஒரு வருடமாக வாயைத் திறக்காதவள் இப்போது கண்டுபிடித்துவிட்டாளாம். ஆக, இந்த மேஜையில் முகம் இல்லாதவள் இப்போது நான்தான், நீ இல்லை.

ஏணி விஷயத்தை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். அது உன்னுடையது. சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

உன் தப்பு இல்லை என்று எழுதாதே என்றாய். எழுதமாட்டேன். நீ போன் பண்ணியிருக்கவேண்டும். அதை வீம்புக்காகச் செய்யாமல் இருந்தாய், அவன் போய்விட்டான். இதை நான் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அப்படியேதான் இருக்கிறது. பாதிரியார் வேறு மாதிரி சொல்லலாம். அவருக்கு நம்மைத் தேற்றுவது வேலை, எனக்கு இல்லை.

ஆனால் இரண்டு நாளாக இன்னொன்றும் யோசித்தேன். அவன் இரண்டு தட்டு சாப்பிட்டதையும், நீ ஜூலையில் சிரித்துக்கொண்டு சொன்னதையும் மனசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க இந்த உலகத்தில் நம் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. நீ அங்கே தனியாக உட்கார்ந்து, நான் இங்கே தனியாக உட்கார்ந்து என்ன சாதிக்கப்போகிறோம்?

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வூஸ்டரிலிருந்து பஸ் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். சாயங்காலம் ரெட்டிங் பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்து வராதே, இன்னும் இல்லை. நீயும் என்னை மன்னித்துவிட்டு வரவேண்டியதில்லை.

தப்பு உன்னுடையதுதான், எர்மா. அதோடேயே வா.

ஆர்வில்லா